சனிக்கிழமைக் குழு: ஊழிக்குப் பிந்தைய படங்கள்

செந்தில், மாலை 6:40
அனைவருக்கும் வணக்கம். தேர்வுகள் முடிந்துவிட்டன. உலகம் அழிந்த பிறகு மிஞ்சியவர்களின் கதையைச் சொல்லும் படங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மேட் மேக்ஸ் வரிசை முழுவதையும் பார்த்துவிட்டேன். பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் பெரிய படங்களையும் முடித்துவிட்டேன். அதிகம் பேசப்படாத, ஆனால் தவறவிடக் கூடாத படங்களை நீங்கள்தான் சொல்ல வேண்டும். முடிவை மட்டும் யாரும் வெளியிட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தேன்மொழி, மாலை 6:58
தம்பி, நீ கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது 1986ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியத்தில் வெளிவந்த ‘லெட்டர்ஸ் ஃப்ரம் எ டெட் மேன்’. தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ படத்தில் உதவியாளராக இருந்த கான்ஸ்டன்டீன் லோபுஷான்ஸ்கி இயக்கிய முதல் முழுநீளப் படம் அது. அணுப்போர் முடிந்த பின் ஓர் அருங்காட்சியகத்தின் நிலவறையில் சிலர் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். அவர்களில் ஒருவரான முதிய பேராசிரியர், உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாத தன் மகன் எரிக்குக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறார். அஞ்சல் இல்லை, போய்ச் சேர ஊர் இல்லை, ஆனாலும் அவர் எழுதுவதை நிறுத்துவதில்லை. படத்தின் பெரும்பகுதி மஞ்சளும் பழுப்புமான ஒற்றை நிறத்தில் ஓடுகிறது. பார்க்கப் பார்க்க நம் அறைக்குள்ளும் புழுதி இறங்குவதுபோல் இருக்கும். ரோலான் பீகோவ் அந்தப் பேராசிரியராக நடித்திருக்கிறார். அவருடைய முகத்தைப் பார்ப்பதற்காக மட்டுமே அந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று நான் மனதார நம்புகிறேன்.

இராகவன் மாமா, இரவு 7:10
நல்ல தேர்வு, தேன்மொழி. அந்தப் படத்தில் போர் எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்லும் இடத்தையும் தம்பி கவனிக்க வேண்டும். யாரும் வேண்டுமென்று போரைத் தொடங்கவில்லை. கணினியில் ஏற்பட்ட பிழையால் ஏவுகணை புறப்படும் நிலை வருகிறது. பணியில் இருந்தவர் அதைக் கண்டுகொள்கிறார், ஆனால் கையில் காபிக் கோப்பை இருந்ததால் ஓடிச் சென்று தடுக்கச் சில நொடிகள் தாமதமாகிவிடுகின்றன. இது கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் எச்சரிக்கை அமைப்பு, அமெரிக்கா ஏவுகணைகளை ஏவிவிட்டதாகத் தவறாக அறிவித்தது. பணியில் இருந்த ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் என்ற அதிகாரி அதைப் பொய்யான எச்சரிக்கை என்று தீர்மானித்து, தாக்குதல் என்று மேலிடத்துக்கு அறிவிக்காமல் விட்டார். அந்தச் செய்தி வெளியுலகுக்குத் தெரியவந்ததே 1990களில்தான். படமெடுத்தவர்கள் அதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அவர்களுடைய அச்சம் எவ்வளவு சரியாக இருந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறேன். படம் திரைக்கு வந்த அதே ஆண்டு ஏப்ரலில்தான் செர்னோபில் விபத்தும் நடந்தது. முகமூடி அணிந்து நச்சுக்காற்றில் நடப்பவர்களை அன்றைய சோவியத் மக்கள் திரையில் பார்த்தபோது, அதை வெறும் கதையாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

செந்தில், இரவு 7:16
மாமா, பெத்ரோவ் பற்றி இப்போதுதான் அறிகிறேன். அக்கா, படம் மிகவும் மெதுவாக நகருமா? அடுத்து என்ன நடக்கும் என்ற பதைப்பு இல்லாவிட்டால் என்னால் நீண்ட நேரம் உட்கார முடிவதில்லை.

தேன்மொழி, இரவு 7:31
மெதுவாகத்தான் நகரும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பேச்சை இழந்துவிட்ட அனாதைக் குழந்தைகள் சிலர் படத்தில் வருகிறார்கள். நோயுற்றவர்கள் என்பதால் அரசின் மையப் பதுங்கிடம் அவர்களை ஏற்க மறுக்கிறது. பேராசிரியர் அவர்களோடு என்ன செய்கிறார் என்பதை நீயே பார்த்துத் தெரிந்துகொள். நான் சொல்ல விரும்புவது இதுதான்: வண்டிகளை விரட்டுகிற, எரிபொருளுக்காகச் சண்டையிடுகிற படங்கள் இந்த வகையின் ஒரு கிளை மட்டுமே. அவற்றிலும் நல்ல படங்கள் உண்டு. ஆனால் எல்லாம் போன பிறகு சமையல் யார் செய்வது, நோயாளியை யார் பார்த்துக்கொள்வது, பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று கேட்கிற படங்கள் வேறொரு கிளையாக வளர்ந்திருக்கின்றன. பெயர் தெரியாமல் போனவை பெரும்பாலும் அந்தக் கிளையில்தான் இருக்கின்றன. நமக்கு நெருக்கமான கேள்விகளும் அங்கேதான் இருக்கின்றன.

மாலதி அத்தை, இரவு 7:44
தேன்மொழி சொல்வதை நான் அப்படியே ஏற்கிறேன். எனக்குச் சண்டைப் படங்கள் பிடிக்காது என்பதால் இந்த வகையையே பல காலம் ஒதுக்கி வைத்திருந்தேன். அதை மாற்றியது 1983இல் வந்த ‘டெஸ்டமென்ட்’ என்ற அமெரிக்கப் படம். லின் லிட்மன் என்ற பெண் இயக்குநர் எடுத்தது. கலிபோர்னியாவில் ஒரு சிற்றூர். கணவர் வேலைக்காக சான் ஃபிரான்சிஸ்கோ சென்றிருக்கிறார். வீட்டில் தாயும் மூன்று பிள்ளைகளும். தொலைக்காட்சி நிகழ்ச்சி பாதியில் தடைபடுகிறது, சன்னல் வழியே ஒரு பேரொளி, அவ்வளவுதான். அதன் பிறகு இடிபாடு இல்லை, கொள்ளைக் கூட்டம் இல்லை. வீடுகள் நின்றபடியே இருக்கின்றன; கண்ணுக்குத் தெரியாத கதிரியக்கம் மட்டும் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு போகிறது. தாயாக நடித்த ஜேன் அலெக்சாண்டர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அதில் அவர் ஒரு பொம்மைக் கரடியைத் தேடும் காட்சி வருகிறது. அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு அடுத்த நாள்தான் மீதியைப் பார்த்தேன்.

இராகவன் மாமா, இரவு 7:52
அந்தப் படம் பேசப்படாமல் போனதற்குக் காலமும் ஒரு காரணம். அது திரைக்கு வந்த அதே 1983 நவம்பரில் ‘தி டே ஆஃப்டர்’ அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அதைச் சுமார் 10 கோடிப் பேர் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே ஷெஃபீல்டு நகரத்தை வைத்து பிபிசியின் ‘த்ரெட்ஸ்’ வந்துவிட்டது. அந்த இரண்டும் அழிவைக் கண்முன் நிறுத்தியவை. அழிவையே காட்டாத படம் இடையில் மறைந்துபோனதில் வியப்பில்லை; ஆனால் என் மதிப்பீட்டில் மூன்றில் அதுதான் ஆழமானது.

நிலா, இரவு 8:05
எல்லோருக்கும் வணக்கம். விடுதியில் இணைய இணைப்பு இப்போதுதான் கிடைத்தது. செந்தில் அண்ணா, நீளமான படங்களுக்கு முன் இரண்டு குறும்படங்களைப் பாருங்கள். முதலாவது, கிறிஸ் மார்க்கர் 1962இல் எடுத்த ‘லா ஜெட்டே’. 28 நிமிடப் படம், ஏறத்தாழ முழுவதும் அசையாத ஒளிப்படங்களால் ஆனது. மூன்றாம் உலகப் போரில் பாரிஸ் அழிந்துவிட, நிலத்தடியில் வாழ்பவர்கள் ஒரு மனிதனை அவனுடைய நினைவு ஒன்றின் வழியாகக் காலத்தில் பின்னோக்கி அனுப்புகிறார்கள். 1995இல் வந்த ‘12 மங்கீஸ்’ படத்துக்கு இதுதான் மூலம். படம் முழுவதிலும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் காட்சி அசைகிறது. அது எந்த இடம் என்று நான் சொல்லப் போவதில்லை.

இரண்டாவது, கென்யாவின் வனூரி கஹியூ 2009இல் இயக்கிய ‘பூம்சி’. தண்ணீருக்காக நடந்த மூன்றாம் உலகப் போருக்கு 35 ஆண்டுகளுக்குப் பின், மக்கள் மூடிய குடியிருப்புக்குள் வாழ்கிறார்கள். வியர்வையையும் சிறுநீரையும் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். உடற்பயிற்சிக் கருவிகளில் தாங்களே உழைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் பணிபுரியும் ஆஷா என்ற பெண்ணுக்கு ஒருநாள் கதிரியக்கமற்ற மண் கொஞ்சம் வந்து சேர்கிறது. ஒரு விதையை அதில் இட்டுப் பார்க்கிறாள். அணுகுண்டை விட்டுவிட்டுத் தண்ணீரை அழிவின் காரணமாக வைத்த அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு கோடையிலும் குடிநீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் நமக்கு அந்தப் படம் தொலைவில் இல்லை.

செந்தில், இரவு 8:12
நிலா, இரண்டையும் இன்று இரவே பார்த்துவிடுகிறேன். மாமா, நீங்கள் முன்பு ஒரு செக்கோஸ்லோவாக்கியப் படம் பற்றிச் சொல்லியிருந்தீர்களே?

இராகவன் மாமா, இரவு 8:25
‘லேட் ஆகஸ்ட் அட் தி ஹோட்டல் ஓசோன்’, 1967. இயக்கம் யான் ஷ்மிட், எழுத்து பாவெல் யுராச்செக். போருக்குப் பின் பிறந்த இளம்பெண்கள் சிலரை, பழைய உலகை நினைவில் வைத்திருக்கும் ஒரு முதியவள் காடுமேடாக வழிநடத்திச் செல்கிறாள். மனிதகுலம் தொடர வேண்டுமானால் எங்கேனும் ஓர் ஆணைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவளுடைய நம்பிக்கை. வெட்டப்பட்ட மரத்தின் வளையங்களை எண்ணி, எந்த ஆண்டில் என்ன நடந்தது என்று அவள் கணக்குப் பார்ப்பதை மறக்கவே முடியாது. அவர்கள் கைவிடப்பட்ட ஒரு விடுதியை அடைகிறார்கள். அங்கே ஒரு கிழவர், அவரிடம் ஓர் இசைத்தட்டுப் பெட்டி. பண்பாடு என்பது ஒரு தலைமுறை சொல்லிக்கொடுக்கத் தவறினாலே போய்விடக்கூடியது என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன படத்தை நான் வேறு பார்க்கவில்லை.

தேன்மொழி, இரவு 8:33
மாமா, உங்கள் கருத்தை மதிக்கிறேன், ஆனால் அந்தப் படத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதில் விலங்குகளை உண்மையாகவே கொன்றிருக்கிறார்கள். அந்தப் பெண்களின் மனம் மரத்துப்போனதைக் காட்ட அதற்குத் தேவை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தம்பி பார்ப்பதாக இருந்தால் இதை அறிந்துகொண்டு பார்க்கட்டும்.

இராகவன் மாமா, இரவு 8:37
நீ எச்சரித்தது முறைதான், அம்மா. அந்தக் காட்சிகளுக்காக நான் வாதாட மாட்டேன். படத்தின் கடைசிக் கால் மணி நேரத்துக்காகத்தான் சொன்னேன்.

தேன்மொழி, இரவு 8:55
பதைப்பு வேண்டும் என்று கேட்ட செந்திலுக்கு நான் நியூசிலாந்தின் ‘தி குவயட் எர்த்’ படத்தைச் சொல்வேன். 1985, ஜெஃப் மர்ஃபி இயக்கம். ஒரு விஞ்ஞானி காலை 6:12க்கு விழித்தெழுகிறார். வெளியே போனால் மனிதர்களே இல்லை, உடல்களும் இல்லை. பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஆற்றல் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் அவரும் பணியாற்றியவர் என்பதால், நடந்ததில் தன் பங்கு என்ன என்ற கேள்வி அவரைத் துரத்துகிறது. வானொலியில் தன் குரலைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்புகிறார். மாளிகை ஒன்றில் குடியேறுகிறார். தலைவர்களின் அட்டை உருவங்களை வரிசையாக நிறுத்தி, மாடத்திலிருந்து அவற்றை நோக்கி உரை நிகழ்த்துகிறார். தனிமை ஒரு மனிதரைப் படிப்படியாக என்ன செய்யும் என்பதை புரூனோ லாரன்ஸ் அந்த முதல் பாதியில் தனியொருவராக நடித்துக் காட்டியிருக்கிறார். அதன் பிறகு ஒரு பெண்ணும், ஒரு மாவோரி ஆணும் வருகிறார்கள். உலகில் மூன்றே பேர் மிஞ்சினாலும் பொறாமையும் ஐயமும் கூடவே மிஞ்சுகின்றன. முடிவைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். பார்த்த பிறகு என்னைக் கூப்பிடு, நேரம் எதுவானாலும் பரவாயில்லை.

நிலா, இரவு 9:02
அக்கா, போலந்தின் ‘ஓ-பி, ஓ-பா’ படத்தையும் சேர்க்கலாமே. பியோத்தர் ஷுல்கின் 1985இல் எடுத்தது. இடிந்துகொண்டிருக்கும் கூரையின் கீழ் அடைந்து கிடக்கும் மக்கள், தங்களைக் காப்பாற்ற ஒரு பேழை வரும் என்று நம்பிக் காத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைப் பரப்பியவருக்கே, வராது என்று இப்போது அவர்களை நம்பவைக்க முடியவில்லை.

தேன்மொழி, இரவு 9:06
கட்டாயம் சேர்க்கலாம். அண்மைக் காலத்தில் வந்தவற்றில் 2015இன் ‘தி சர்வைவலிஸ்ட்’ படத்தையும் குறித்துக்கொள், தம்பி. வட அயர்லாந்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் ஃபிங்கிள்டன் இயக்கியது. காட்டுக்குள் சிறு தோட்டம் போட்டு ஒளிந்து வாழும் ஒருவனிடம், ஒரு தாயும் மகளும் விதைகளைக் கொடுத்து உணவு கேட்கிறார்கள். பேச்சு மிகக் குறைவு, பதற்றம் மிக அதிகம். பெரியவர்களுக்கான காட்சிகள் இருப்பதால் இதை வீட்டுக் கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.

மாலதி அத்தை, இரவு 9:20
நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘வென் தி விண்ட் ப்ளோஸ்’, 1986, பிரிட்டனில் எடுத்த அசைவூட்டப் படம். ரேமண்ட் பிரிக்ஸ் வரைந்த சித்திரக் கதையை ஜிம்மி முரகாமி இயக்கினார். நாட்டுப்புறத்தில் வாழும் ஒரு முதிய தம்பதி, அரசு வெளியிட்ட கையேட்டில் உள்ளபடியே அணுகுண்டிலிருந்து தப்பத் தயாராகிறார்கள். கதவுகளைக் கழற்றி, சரியாக 60 பாகையில் சுவரோடு சாய்த்து, அதற்குள் மெத்தைகளை அடுக்குகிறார்கள். அவர் கோணத்தை அளக்கிறார். அவளோ சுவரின் வண்ணப்பூச்சு கெட்டுவிடுமே என்று கவலைப்படுகிறாள். அத்தகைய கையேட்டை பிரிட்டிஷ் அரசு 1980இல் உண்மையாகவே வெளியிட்டது. குண்டு விழுந்த பிறகும் அவர்கள் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளும் விதம் இருக்கிறதே, தேநீருக்குத் தண்ணீர் இல்லையே என்று அவள் வருந்துவதும், அரசு விரைவில் ஆள் அனுப்பும் என்று அவர் தேற்றுவதும், எனக்கு என் பெற்றோரையே நினைவூட்டின. இரண்டாம் உலகப் போரைக் கடந்து வந்த அவர்கள், அதே அளவில் இதையும் கடந்துவிடலாம் என்று நம்புகிறார்கள். நம்பியவர்களை அரசு எப்படிக் கைவிட்டது என்பதை யாரையும் திட்டாமல் சொல்கிற படம் அது. ஆனால் பொம்மைப் படம் என்று எண்ணிச் சிறு பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டிவிடாதீர்கள். பேத்தி வளர்ந்த பிறகுதான் அவளுக்குக் காட்டுவேன்.

செந்தில், இரவு 9:28
அத்தை, நீங்கள் இந்த வகைப் படங்களைப் பார்ப்பீர்கள் என்பதே எனக்குத் தெரியாது. எனக்கு அந்தப் படத்தை உங்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

மாலதி அத்தை, இரவு 9:31
சனிக்கிழமை வா. பிள்ளைகள் தூங்கிய பிறகு போடலாம். மாமாவும் பார்த்ததில்லை.

தேன்மொழி, இரவு 9:40
அப்படியானால் நானும் வருகிறேன், வட்டையும் கொண்டு வருகிறேன். அன்று அது ஒன்றே போதும். அதற்கு மேல் வேறெதையும் பார்க்க மனம் வராது. செந்தில், ‘தி குவயட் எர்த்’ படத்தை அதற்கு முன்பே தனியாகப் பார்த்துவிடு. ‘லெட்டர்ஸ் ஃப்ரம் எ டெட் மேன்’ படத்தை மட்டும் கைப்பேசியில் பார்க்காதே. அந்த மங்கிய ஒளியில் சிறு திரையில் முகங்களே தெரியாது. அடுத்த மாதம் நிலா ஊருக்கு வந்ததும் மாமா வீட்டுப் பெரிய திரையில் சேர்ந்து பார்க்கலாம்.

இராகவன் மாமா, இரவு 9:44
சரி. ஆங்கிலத் துணையுரை உள்ள பிரதியையே எடுத்து வா, தேன்மொழி. சென்ற முறை நான் பார்த்த பிரதியில் கடிதங்களில் பாதிக்கு மொழிபெயர்ப்பே இல்லை.

நிலா, இரவு 9:47
நான் வரும் வரை யாரும் அதைப் பார்க்கக் கூடாது. அண்ணா, ‘லா ஜெட்டே’ பார்த்துவிட்டீர்களா? அசைகிற இடத்தைக் கண்டுபிடித்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், இங்கே வேண்டாம்.