பழைய ஃபைபர் படகு: அடியில் விரிசல், அமரம் (பின்பக்கம்) மட்டும் தாழ்ந்து நிற்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

உப்பனாற்றுக்காரன்:
வணக்கம். ஊர் கடலூர். மீன்பிடி எங்கள் வீட்டுத் தொழில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போட, முகத்துவாரம் வரை போய்வர என்று 24 அடி ஃபைபர் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். சுனாமி நிவாரணத்தில் கொடுத்த படகு என்றார் விற்றவர். அதற்குப் பிறகு பல கை மாறிவிட்டது.

ஏராவை (அடியில் நீளவாக்கில் ஓடும் நடுத்தண்டு) ஒட்டி ஒரு முழத்துக்கு விரிசல். யாரோ அதில் எம்-சீல் அப்பி, மேலே கார் பட்டி தேய்த்து, நீலப் பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். இப்போது மூன்றும் சேர்ந்து பெயர்கிறது. உள்ளே தண்ணீர் கசிகிறது. இஞ்சினைக் கழற்றிவிட்டு, கசிந்ததையும் இறைத்துவிட்டு மிதக்க விட்டால்கூட அமரம் தாழ்ந்தே நிற்கிறது. விரிசல் மேல் இரண்டு லேயர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டிப் பெயிண்ட் அடித்தால் போதுமா? பக்கத்து ஃபைபர் மேஸ்திரி படகைப் பார்க்காமலேயே "முழுசா ஒரு கோட்டிங் கொடுத்துடலாம்" என்கிறார்.

முத்துநகர் வள்ளம்:
தம்பி, ரெசின் (இழையை இறுக்கும் பிசின்) டப்பாவை இப்போதைக்குத் திறக்கவே வேண்டாம். விரிசல் சின்ன வேலை. இஞ்சின் இல்லாமலே அமரம் தாழ்கிறது என்றால் உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று, இஞ்சின் மாட்டும் பின்பலகைக்குள் இருக்கும் பிளைவுட் ஊறியிருக்கும். இல்லையென்றால் மிதப்பு அறைக்குள் திணித்த தெர்மோகோல் உடைந்து, குருணைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கியிருக்கும். பல படகுகளில் இரண்டும் இருக்கும்.

கரையேற்றி, சின்னச் சுத்தியலின் கைப்பிடியால் பின்பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கேட்கும். கெட்ட இடம் 'பொத்' என்று அமுங்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பிறகு உட்பக்கமாக, முடிந்தவரை கீழே, 6 மி.மீ. டிரில்லால் ஒரு ஓட்டை போட்டு என்ன வருகிறது என்று பாருங்கள். டிரில் வெளித்தோல் (வெளிப்பக்க ஃபைபர்) வரை போய்விடக் கூடாது. மேஸ்திரி சொன்ன முழுக் கோட்டிங் வேண்டாம். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை அது.

உப்பனாற்றுக்காரன்:
போட்டுப் பார்த்தேன் அண்ணே. முதலில் வெள்ளைத் தூள் வந்தது. அப்புறம் டிரில் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. வெளியே எடுத்தால் டிரில்லின் பள்ளங்களில் காப்பித் தூள் மாதிரி கருத்த ஈர மரம், புளித்த வாடை. கொஞ்ச நேரத்தில் ஓட்டை வழியாகப் பழுப்புத் தண்ணீர் மெல்ல வடிய ஆரம்பித்தது. இஞ்சின் போல்ட் ஓட்டைகளைச் சுற்றித்தான் 'பொத்' சத்தம் அதிகம். பின் இருக்கைக்கு அடியில் ஒரு மூலையை வெட்டிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன தெர்மோகோல் குருணைதான். கையால் அள்ளினால் தண்ணீர் சொட்டுகிறது.

நாகை லேமினேட்:
போல்ட் ஓட்டை வழியாகத்தான் ஊறியிருக்கிறது. எல்லாப் பழைய படகிலும் இதே கதை. மரத்தை மாற்றியே ஆக வேண்டும். வெளித்தோலைத் தொடாதீர்கள், படகின் வடிவம் அதில்தான் இருக்கிறது. உட்தோலை மட்டும் ஓரத்தில் நாலு விரல் விட்டு வெட்டி எடுங்கள். கெட்ட மரத்தை உளியால் சுரண்டுங்கள். மூலையில் கொஞ்சம் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவைத்தால் அங்கிருந்தே மறுபடி பரவும்.

புதுப் பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். 303 என்று இருந்தால் அது வீட்டு அலமாரிக்கு. பழைய பலகை என்ன கனமோ அதே கனம் வையுங்கள், இஞ்சின் கிளாம்ப் அந்த அளவுக்குத்தான் பிடிக்கும். ஒட்டும்போது நடுவில் காற்று நிற்கக் கூடாது. போல்ட் ஓட்டையைத் தேவையைவிடப் பெரிதாகப் போட்டு, எபாக்சியால் (இரண்டு பாகம் கலந்து இறுகும் பசை) முழுக்க அடைத்து, இறுகிய பிறகு அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அப்படிச் செய்தால் போல்ட் வழியாகத் தண்ணீர் மரத்தைத் தொடவே முடியாது. படகு கட்டியவர்கள் அன்றைக்கே இதைச் செய்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஏரா விரிசலில் மேட் ஒட்டும் முன்பு ஒன்று: எம்-சீல் எபாக்சி வகை. அதன் மேல் சாதாரண பாலியெஸ்டர் ரெசின் சரியாக ஒட்டாது. கார் பட்டியோ தண்ணீர் குடிக்கும். இரண்டையும் பொட்டு விடாமல் கிரைண்டரில் எடுத்துவிடுங்கள். பிறகு விரிசலின் இரு பக்கமும் சரிவாகத் தேயுங்கள். கனத்துக்குப் பன்னிரண்டு மடங்கு சரிவு என்பது கணக்கு. அடி 6 மி.மீ. கனம் என்றால் பக்கத்துக்கு 7 செ.மீ. சரிவு வரும். இதைப் பார்த்ததும் நல்ல இடத்தையும் சேர்த்துக் கெடுக்கிறோமோ என்று பயம் வரும். பயப்படாதீர்கள், புது மேட்டுக்குப் பிடிமானமே அந்தச் சரிவுதான்.

புதுவைக் கடற்கரை:
முழுக்க எபாக்சியிலேயே செய்தால் என்ன? பழைய பாலியெஸ்டர் மேல் எபாக்சி நன்றாக ஒட்டும், பலமும் அதிகம்.

நாகை லேமினேட்:
உண்மைதான். பலகை ஒட்டுவதற்கும் போல்ட் ஓட்டைக்கும் எபாக்சியே வாங்கச் சொல்வேன். ஏரா வேலைக்கு விலை கட்டுப்படியாகாது. அதோடு கடைகளில் வரும் சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட்டில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் கரைவதற்கென்றே செய்தது. எபாக்சியில் அது சரியாகக் கரையாமல் மேட் விறைத்து நிற்கும். எபாக்சி என்றால் நெய்த துணிதான் வாங்க வேண்டும். இன்னொன்று, எபாக்சி போட்ட இடத்தின் மேல் பின்னாளில் பாலியெஸ்டர் போக முடியாது. எங்கே எது போட்டீர்கள் என்று எழுதி வையுங்கள்.

முத்துநகர் வள்ளம்:
கலக்கும் விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. நம் ஊர்க் கடைகளில் ரெசின், கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்துவது), கேட்டலிஸ்ட் (இறுக வைப்பது) என்று மூன்றையும் தனித்தனியாகக் கொடுப்பார்கள். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் ஒருபோதும் கலக்கக் கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் ரெசினில் கோபால்ட்டை ஊற்றி நன்றாகக் கலக்கிவிட வேண்டும். கேட்டலிஸ்ட் கடைசியில், பூசப் போகும் நேரத்தில்தான். கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. வரை போடலாம். நம் வெயிலுக்கு 10 பக்கமே நில்லுங்கள். அரைக் கிலோவுக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள், வாளியிலேயே கொதித்துப் புகைந்து கட்டியாகிவிடும்.

கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் கால் மணி நேரமாவது தண்ணீரில் கழுவி, உடனே டாக்டரிடம் ஓடுங்கள். கிரைண்டர் பிடிக்கும்போது முழுக்கைச் சட்டையும் தூசி மாஸ்க்கும் கட்டாயம். வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள், வெந்நீர் வேண்டாம், அரிப்பு இரண்டு மடங்காகும்.

உப்பனாற்றுக்காரன்:
மிதப்பு அறைக்குள் மறுபடி தெர்மோகோல் வைக்கலாமா? அறையைக் காலியாக விட்டால் என்ன?

நாகை லேமினேட்:
காலியாக விடாதீர்கள். ஒரு ஓட்டை விழுந்தால் அறை முழுக்கத் தண்ணீர் ஏறிப் படகு மூழ்கிவிடும். தெர்மோகோல் வைக்கலாம், ஆனால் பாலியெஸ்டர் ரெசின் பட்டால் அது ஐஸ் போல உருகிக் காணாமல் போகும். பெரிய கட்டிகளாக வாங்கி, கனமான பாலிதீனில் சுற்றி, டேப் ஒட்டி உள்ளே வையுங்கள். அறையின் அடியில் திருகு மூடி போட்ட ஒரு வடிகால் ஓட்டை விடுங்கள். கரையேற்றும்போதெல்லாம் திறந்து பார்த்தால் உள்ளே தண்ணீர் போகிறதா என்று தெரிந்துவிடும்.

புதுவைக் கடற்கரை:
பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்ததா? மீன்பிடிப் படகுகள் 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி மீன்வளத் துறையில் பதிவாகியிருக்க வேண்டும். பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடந்தால் பலகைக்குச் செலவு செய்யும் முன் அதை மாற்றுங்கள். பொழுதுபோக்குக்குத்தான் ஓட்டப் போகிறீர்கள் என்பதையும் அங்கேயே சொல்லி, என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

உப்பனாற்றுக்காரன்:
பழைய பெயரில்தான் இருக்கிறது. விற்றவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். கடைசியாக ஒன்று: ஐப்பசி பிறக்கப் போகிறது. மழைக்கு முன் அவசரமாக முடிக்கட்டுமா, தள்ளிப் போடட்டுமா?

முத்துநகர் வள்ளம்:
வெட்டும் வேலையை இப்போதே முடியுங்கள், ஒட்டும் வேலையைத் தள்ளிப் போடுங்கள். மரத்தையும் தெர்மோகோலையும் எடுத்த பிறகு உள்ளே வெளியே நல்ல தண்ணீரில் நாலைந்து தடவை கழுவுங்கள். உப்பு நின்றால் அது காற்றிலிருந்தே ஈரம் இழுக்கும். பிறகு கூரைக்குக் கீழே, காற்றுப் போக இடம் விட்டுக் கவிழ்த்து வையுங்கள். பொங்கலுக்கு அப்புறம், ஒரு முழம் பாலிதீன் துண்டை வெட்டின இடத்தில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு பகல் வெயிலில் விடுங்கள். உட்பக்கம் நீர் கோத்தால் இன்னும் காயவில்லை. காய்ந்திருந்தால், காலைப் பனி விலகி வெயில் ஏறிய பிறகு வேலையை ஆரம்பியுங்கள்.

உப்பனாற்றுக்காரன்:
சரி அண்ணே. சாமான்களை இப்போதே வாங்கி வைக்கலாமா?

முத்துநகர் வள்ளம்:
பிளைவுட் வாங்கலாம். மேட்டும் வாங்கலாம், ஆனால் ரோலைப் பரண் மேல் நனையாமல் வையுங்கள், ஈரம் பட்ட மேட் ரெசினில் வெளுத்துத் தெரியும். ரெசின் மட்டும் வேலைக்கு முந்தின வாரம், டப்பாவில் தேதி பார்த்து வாங்குங்கள். சூட்டில் சில மாதம் கிடந்தாலே கூழாகிவிடும், கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.