2019 இல் குறைத்த வரியைக் கட்டி முடித்தது யார்?

வலிகாமம் ரீச்சர் எழுதியது:

உயர்தர வகுப்புக்குப் பொருளியல் கற்பிக்கிறேன். போன வாரம் அரச நிதி பற்றிய பாடம். பின்வாங்கில் இருந்து ஒரு பிள்ளை எழுந்து, "2019 இல் இலங்கையில் வரியைக் குறைத்தார்களே, அதில் ரீச்சருக்கு எவ்வளவு மிஞ்சியது?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்தேன். 2019 நவம்பரிலும் 2020 பெப்ரவரியிலும் கைக்கு வந்த தொகை ஒன்றுதான். நாற்பத்துச் சொச்சம் ஆயிரம் வாங்கும் எனக்கு அதற்கு முன்பும் வருமான வரி கிடையாது. இல்லாத வரியை எப்படிக் குறைப்பது? பொருள் வாங்கும்போது விலையோடு சேர்த்துக் கட்டும் வற் (பெறுமதி சேர் வரி) 15 வீதத்திலிருந்து 8 வீதமாக இறங்கியது உண்மை. ஆனால் அரிசிக்கும் பாணுக்கும் முன்பே வற் இல்லை. சவர்க்காரமும் பிஸ்கட்டும் மலிந்ததாக எனக்கு நினைவில்லை, வீட்டுக் கணக்குக் கொப்பியிலும் அப்படி ஒன்றும் இல்லை.

அத்தானிடம் இதைச் சொன்னால், "கொரோனா வந்திராவிட்டால் அந்த வரிக்குறைப்பு நாட்டைத் தூக்கி நிறுத்தியிருக்கும், உனக்கு அரசியல் தெரியாது" என்கிறார். அரசியல் தெரியாது, சரி. விட்டுக்கொடுத்த பணம் யார் கைக்குப் போனது என்று யாராவது கணக்காகச் சொல்வீர்களா?

பழைய கணக்காளன் எழுதியது:

ரீச்சர், முப்பது ஆண்டுகள் பிறருடைய வரிக் கணக்குகளை முடித்துக் கொடுத்தவன் நான். நீங்கள் வற்றை மட்டும் பார்க்கிறீர்கள். அதைவிடப் பெரிய மாற்றம் அதன் எல்லையில் நடந்தது. ஆண்டுக்கு 12 மில்லியன் ரூபாவுக்கு மேல் விற்பவர் வற்றுக்குப் பதிய வேண்டும் என்று இருந்ததை 300 மில்லியன் என்று ஆக்கினார்கள். என்னிடம் வந்துகொண்டிருந்த வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் ஒரே மாதத்தில் வற் கோவைகளைக் கட்டி மூலையில் போட்டுவிட்டார்கள். கூடவே விற்பனை மீது விதித்த தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி போனது. உழைக்கும்போது செலுத்தும் வரியைச் சம்பளத்திலேயே கட்டாயமாகக் கழிக்கும் முறை போனது. கம்பனி வருமான வரி 28 இலிருந்து 24 வீதமானது.

விளைவு: 2019 இல் ஏறத்தாழ 1,890 பில்லியன் ரூபாவாக இருந்த அரச வருமானம் 2020 இல் 1,370 பில்லியன் அளவுக்கு விழுந்தது. அந்த ஆண்டு வட்டிக்கு மட்டும் 980 பில்லியன் போயிருக்கிறது. நூறு ரூபா வந்தால் எழுபதுக்கு மேல் வட்டிக்கு. ஆசிரியர் சம்பளம், மருந்து, உரமானியம் எல்லாம் எங்கிருந்து வந்தன என்றா கேட்கிறீர்கள்? கடனும், மத்திய வங்கி அச்சிட்ட பணமும்தான். அச்சிட்ட பணத்துக்கும் ஒரு வரி உண்டு, அதைச் சந்தையில் மரக்கறி வாங்கும்போது கட்டுவோம். 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டதே, அதுதான்.

வெள்ளவத்தைத் தம்பி எழுதியது:

ரீச்சர் கேட்ட "யார் கை"களில் ஒன்று என்னுடையது. மென்பொருள் வேலை, 2019 இல் மாதம் மூன்று இலட்சம். அப்போது மாதம் 20,000 ரூபா வரியாகக் கழிந்தது. 2020 இல் அதே சம்பளத்துக்கு 3,000 ரூபாதான். பதினேழாயிரம் மிச்சம். உண்மையைச் சொன்னால் அந்த மூவாயிரத்தையும் நானாகப் போய்க் கட்டியிருக்க வேண்டும், பலர் கட்டவில்லை.

ஆனால் 2023 ஜனவரியில் அதே மூன்று இலட்சத்துக்கு 35,000 கழித்தார்கள். வீட்டுக் கடன் வட்டியும் ஏறியிருந்தது. என் அறையில் இருந்த மூவரில் இருவர் அந்த ஆண்டே வெளிநாடு போய்விட்டார்கள். 2025 ஏப்ரலில் அது 18,500 ஆகக் குறைந்தது. ஊஞ்சல் போல வரியை ஆட்டினால் யாரும் திட்டமிட்டு வாழ முடியாது. எங்களையும் வில்லனாக்கிவிடாதீர்கள்.

கொடிகாமம் கடை எழுதியது:

பெயர் போடாமல் எழுதுவதால் சொல்கிறேன். நான் வற்றுக்குப் பதிந்திருந்தேன், 2020 இல் பதிவை நீக்கிக்கொண்டேன். கொள்வனவில் கட்டும் வற்றைத் திருப்பிக் கழிக்கும் உரிமை போனது, ஆனாலும் இலாபம்தான். விலையைக் குறைத்தேனா? குறைக்கவில்லை. பெட்டியில் அச்சிட்ட விலை பழையதுதான் இருந்தது, வாங்குபவரும் கேட்கவில்லை. அடுத்த கடைக்காரர் குறைத்திருந்தால் நானும் குறைத்திருப்பேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

2022 இல் வற் ஜூனில் 12, செப்டெம்பரில் 15 என்று ஏறியபோது விநியோகத்தர் அன்றைக்கே புதுப் பட்டியலோடு வந்தார். இப்போது 18. ஏறும்போது மட்டும் எல்லோருக்கும் கணக்குத் தெரிந்துவிடுகிறது.

நெடுந்தூரப் பயணி எழுதியது:

ரீச்சரின் அத்தான் பக்கமும் யாராவது பேச வேண்டும் அல்லவா. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்போடு சுற்றுலா விழுந்தது, அடுத்த ஆண்டு கொரோனா, 2021 இல் இரசாயன உரத் தடை. எல்லாப் பழியையும் வரிக்குறைப்பின் தலையில் கட்டுவது நியாயமா? டொலர் இல்லாமல்தான் நாடு விழுந்தது, ரூபா இல்லாமல் அல்ல.

பழைய கணக்காளன் எழுதியது:

டொலர் ஏன் இல்லாமல் போனது, பயணி? வருமானத்தை வெட்டிய நாட்டுக்குக் கடன் கொடுக்க வெளிச்சந்தை தயங்கியது. 2020 இல் தரப்படுத்தல் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக நாட்டின் கடன் தகுதியை இறக்கின. புதுக்கடன் கிடைக்காமல் பழைய கடனை டொலர் கையிருப்பிலிருந்து கட்டினோம். 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்தது 2022 மார்ச்சில் இரண்டு பில்லியனுக்கும் கீழே. ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனை இனிக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். கொரோனா எல்லா நாட்டுக்கும்தான் வந்தது. மழை வருமுன் கூரையைப் பிரித்துவைத்தது நாங்கள்.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் இந்த நெருக்கடிக்கு யார் பொறுப்பு என்று பெயர் சொல்லித் தீர்ப்பளித்தது. மனுதாரர்களுக்குத் தலா 150,000 ரூபா வழக்குச் செலவு கொடுக்கச் சொன்னது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

வலிகாமம் ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடைக்கார அண்ணை, உண்மையைச் சொன்னதற்கு உங்களுக்குத் தனியாக.

கேள்வி கேட்ட பிள்ளையிடம் இன்று பேசினேன். தகப்பன் குருநகரில் கடற்றொழில் செய்பவர். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. ஒருமுறை கடலுக்குப் போக அவருடைய படகுக்கு இருபது லீற்றர் வேண்டுமாம். 1,740 ரூபாச் செலவு 6,800 ஆயிற்று. "அந்த மாதம் அப்பா பாதி நாள் கரையில்தான் இருந்தார், ரீச்சர். அண்ணா படிப்பை விட்டதும் அப்போதுதான்" என்றாள். அவர் வாழ்நாளில் வருமான வரிப் படிவத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

வெள்ளவத்தைத் தம்பி, உங்களை வில்லனாக்க மாட்டேன். 20,000, 3,000, 35,000, 18,500 என்ற உங்கள் கணக்கைப் பெயர் சொல்லாமல் திங்கட்கிழமை கரும்பலகையில் எழுதலாமா? பக்கத்தில் அந்த இருபது லீற்றரையும் எழுத வேண்டும்.