மறு: ‘அடாப்டிவ் ரீயூஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘தகவமைப்பு மறுபயன்பாடு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. பொருள் பிசகாது.

ஐயா, வணக்கம்.

பழைய கட்டடத்தை இடிக்காமல் வேறொரு பயனுக்கு மாற்றிக்கொள்வதுதான் ‘அடாப்டிவ் ரீயூஸ்’. அதற்கு நீங்கள் சொன்ன சொல்லில் பொருள் பிசகாதுதான், வாயில்தான் நுழையாது. தவிர, ‘மறுபயன்பாடு’ என்றதும் கழுவிக் கவிழ்த்த ஊறுகாய் பாட்டில்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஒரு கட்டடத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேசுவோம். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில், கடைவீதி நடுவே ‘ஆர்கேட்’ என்ற கூரையிட்ட கடைத்தொகுப்பு நிற்கிறது. 1828-இல் கட்டியது. மூன்று தளம், கண்ணாடிக் கூரை, இரு முகப்பிலும் கருங்கல் தூண்கள். (முகப்புகள் ஒன்றுபோல இரா: ஒன்றின் தலையில் முக்கோண முகடு, மற்றதில் படிப்படியான கைப்பிடிச்சுவர்.) அதைப் பிடித்த நோய் படிக்கட்டு. கீழே வாங்க வந்தவர்கள் மாடி ஏற மறுத்தார்கள். மேல்தளக் கடைகள் தேறவேயில்லை. 2008-இல் மூடினார்கள். 2013-இல் திறந்தபோது கீழே கடைகள், மேலே இரண்டு தளங்களில் 48 குட்டி வீடுகள். கடைக்காரர் ஈ ஓட்டிய அறையில் இன்று ஒருவர் தூங்கி எழுகிறார்.

முகப்பைப் பழையபடி காப்பது ஒரு வேலை. கடையை வீடாக்குவது வேறு வேலை. முன்னதற்கு ‘மீட்டமைப்பு’ போதும்; பின்னதற்குத்தான் சொல் தேடுகிறோம். இரண்டையும் குழப்பினால் பணமே இடிக்கும். வருமானம் தரும் பழங்கட்டடத்தை உரிய நெறிப்படி சீரமைத்துப் பயன்படுத்தினால் அமெரிக்க நடுவண் அரசு செலவில் 20 விழுக்காடு வரிச்சலுகை தருகிறது. சட்டத்தில் உள்ள சொல் ‘ரிஹபிலிட்டேஷன்’. அகராதியைப் பார்த்து ‘மறுவாழ்வு’ என்று எழுதினால், கட்டடம் குடியை விட்டுவிட்டதாக ஆகிவிடும். இங்கே குடியேற்றுவதல்லவா வேலை!

இதே சொல்லுக்கு முன்பு நம் உரையாடலில் வந்த ‘மாற்றாட்சி’ என்ற பரிந்துரை தேர்தல் முடிவுபோல ஒலிக்கிறது.

என் பரிந்துரை: புதுப்புழக்கம். ‘ஆள் புழக்கம் இல்லாத வீடு’ என்கிறோம். புழங்கும் அறை, புழங்கும் பாத்திரம் என்கிறோம். இடத்தையும் அதில் நடமாடும் மனிதரையும் சேர்த்துப் பிடிக்கும் சொல் இது. ‘ஆர்கேட் 2013-இல் புதுப்புழக்கத்துக்கு வந்தது’, ‘புதுப்புழக்கக் கட்டடம்’, ‘புதுப்புழக்கச் சலுகை’: சொல்லிப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை.

ரூபாய் நோட்டுக்கும் புழக்கம் உண்டே என்பீர்கள். பக்கத்தில் கட்டடம் நின்றால் அந்தக் குழப்பம் வராது.

எனக்கு உறுத்துவது வேறு. நேற்றுக் கட்டி முடித்த வீட்டின் முதல் புழக்கத்தையும் இது குறித்துவிடுமோ? ‘மாற்றுப்புழக்கம்’ என்றால் அந்த ஐயம் தீரும்; ஆனால் ஓசையில் கொஞ்சம் சோர்வு. உங்கள் காதுக்கு எது ஒத்துவருகிறது?