1672 சுவெட்டோனியஸ்: காசு கட்டமுந்தி எதைப் பார்க்கவேணும்?

கடல்முகப்பு:
வணக்கம். நெதர்லாந்துப் பழம்புத்தகக் கடையொன்றில் ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸின் பன்னிரு சீசர் வரலாறு விலைக்கு நிக்குது. லத்தீன், ஊட்ரெக்ட் 1672, கிரேவியஸ் எண்ட அறிஞர் பதிப்பிச்சது, குவார்ட்டோ அளவு (அச்சுத்தாளை இரண்டுதரம் மடிச்சு நாலு தாளாக்கினது), வெள்ளைத் தோற்கட்டு. "முழுமையானது" எண்டு ஒரு சொல், ஆறு படம், அவ்வளவுதான் போட்டிருக்கு. விற்கிறவரிட்ட என்ன கேட்கவேணும்? காசோபன் எண்ட அறிஞரின் 1595 பதிப்புக்குப் பொறுத்திருக்கிறது நல்லதோ? இன்னொண்டு: வீடு திருகோணமலை டைக் வீதியில், கடலுக்கு நேரே. எப்படி வைக்கிறது?

பழந்தாள்:
"முழுமையானது" எண்ட சொல்லுக்கு மதிப்பில்லை. மடிகளை (அச்சுத்தாளை மடிச்சுச் சேர்த்துத் தைச்ச கட்டுகளை) எண்ணித் தரச் சொல்லுங்கோ.

குவார்ட்டோவில் பெரும்பாலும் ஒரு மடிக்கு 4 தாள், 8 பக்கம். மடியின்ர முதல் தாள்களில் பக்கத்தின் அடியில் ஏ, ஏ2, ஏ3 எண்டு குறி இருக்கும். நாலாவது தாளில் குறி போடாமல் விடுறது வழக்கம், அது குறையில்லை. அச்சுக்காரரின் அகரவரிசையில் 23 எழுத்துத்தான்: ஐயும் ஜேயும் ஒண்டு, யூவும் வீயும் ஒண்டு, டபிள்யூ இல்லை. "ஜே மடியைக் காணேல்லை" எண்டு பதறுறவை கனபேர். 23 × 8 = 184. ஆகவே மூலம் ஏ மடியில் 1ஆம் பக்கமாய்த் தொடங்கி மடியெல்லாம் 4 தாளாய் இருந்தால், 23 எழுத்தும் முடிஞ்சு திரும்பத் தொடங்கும் இரட்டை ஏ மடி 185ஆம் பக்கத்தில் வரவேணும். வராட்டில் காரணம் கேளுங்கோ.

பக்க எண்ணை மட்டும் நம்பாதீங்கோ, அந்தக் காலத்தில் அது அடிக்கடி பிழைக்கும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வலப்பக்கம் அடுத்த பக்கத்தின் முதற்சொல் அச்சாகியிருக்கும். அது பொருந்தினால் எண் பிழைச்சாலும் தாள் போகேல்லை.

தனித்தாளாய்ச் செருகின செப்புத்தகட்டுப் படங்கள் இந்தக் கணக்குக்குள் வராது. வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு விக்கிறதும் இதைத்தான். அதே பதிப்பின் ஸ்கேன் பிரதியோட ஒவ்வொண்டாய் ஒப்பிடுங்கோ. அசல் செப்புப்படத்தைச் சுற்றித் தகடு அமுங்கின விளிம்பு தெரியும். பக்கவெளிச்சத்தில் ஒரு படம் கேட்டால், நகல் தாள் செருகியிருந்தால் பிடிபடும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சும் ஒரு படம் வேணும்: குவார்ட்டோ எண்டால் தாளுக்குள் தெரியும் இடைவெளி அகன்ற கோடுகள் கிடையாய் ஓடும், நீர்க்குறி (தாள் செய்தவரின் அடையாளம்) முதுகு மடிப்பில் பாதி மறைஞ்சிருக்கும்.

ஒரு விசயம், சிரிக்காதீங்கோ. யூலியஸ் சீசரின் வரலாறு பதினாறாவது வயதில் திடீரெண்டு தொடங்கும். தாள் கிழிஞ்சதில்லை, நூலின் அந்தத் தொடக்கமே தொலைஞ்சு போச்சு, எல்லாப் பிரதியும் அப்படித்தான்.

ஆண்டைப் பார்க்கேக்க: ரோம எண்ணில் எம் இருக்கவேண்டிய இடத்தில் சி, ஐ, தலைகீழ்ச் சி எண்டு மூண்டு எழுத்து நிண்டால் அதுவும் 1000தான்.

மூன்றாம்பதிப்பு:
காசோபனுக்காகக் காத்திருக்க நான் சொல்லமாட்டன். 1595 ஜெனீவாப் பதிப்பின் பெறுமதி அவற்ற உரையில். அந்த உரையைக் கிரேவியஸ் தன்ர பதிப்பில் சேர்த்திருக்கிறார், ஆக வாசிக்கிறவருக்கு இழப்பில்லை. காசோபனே 1610இல் பாரிசில் திருத்தி வெளியிட்டதும் இருக்கு. 1470இல் ரோமில் ஒரே ஆண்டில் இரண்டு பேர் அச்சிட்ட முதற்பதிப்புகள் எங்கட கைக்கு எட்டுற கதையில்லை. ஆங்கிலம் வேணுமெண்டால் பிலெமன் ஹொலண்ட் எண்டவரின் 1606 மொழிபெயர்ப்பு எட்டாத விலை, தொம்சன் எண்டவரின் 1796 மொழிபெயர்ப்பு ஓரளவு பரவாயில்லை.

உப்புக்காற்று:
தம்பி, டைக் வீதி எண்டால் புத்தகத்தைவிடப் பெட்டிக்கு முதலில் காசு ஒதுக்குங்கோ. வெலம் எண்டு சொல்லுற அந்தத் தோல் (தின்னுற வெல்லமில்லை) பதப்படுத்தாமல் இழுத்துக் காயவிட்டது. கச்சான் காத்தில் சுருங்கும், வாடையில் ஊறும். இரண்டு பருவம் போனால் அட்டை வாயைப் பிளந்து நிக்கும்.

றப்பர் விளிம்பு மூடியுள்ள பெட்டி, உள்ளே ஈரப்பதமானி, கூடவே ஈரத்தை உறிஞ்சும், ஊறினால் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகள். ஈரப்பதம் 65 வீதத்துக்கு மேலே போனால் பூஞ்சணம் பிடிக்கும், 40க்குக் கீழே தோல் இறுகும். 45க்கும் 55க்கும் இடையில் நிக்கவேணும். ஜெல்லைக் கொட்டிக் குவிச்சு ஒரேயடியாய்க் காயவைக்கிறதுதான் இங்க கூட நடக்கிற பிழை. கொஞ்சங் கொஞ்சமாய் வையுங்கோ, 45ஐத் தொட்டால் வெளியே எடுங்கோ. நிறம் மாறினால் 120 பாகை செல்சியஸில் இரண்டு மூண்டு மணித்தியாலம் சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம்.

இராவில் மட்டும் ஏசி போடுற அறையில் வைக்காதீங்கோ, அந்த ஏற்ற இறக்கம் வாடையைவிட மோசம். அந்துருண்டை, வேப்பிலை, செலோரேப் மூண்டும் வேண்டாம். வேப்பிலையே ஈரம், செலோரேப்பின் பசை மஞ்சளாய்த் தாளுக்குள் இறங்கினால் கழுவேலாது. அட்டையைப் பருத்தி நாடாவால் இலேசாய்க் கட்டுங்கோ. இறப்பர் பட்டி வெட்டும்.

கடல்முகப்பு:
நன்றி அண்ணை, எல்லாருக்கும். மடிக்கணக்குக் கேட்டு எழுதிப்போட்டன். ஒரு படத்தில் முன்னட்டைக்குள் பழைய உரிமையாளர் ஒட்டின பெயர்ச்சின்னமும், தலைப்புப் பக்கத்தில் ஒரு நூலக முத்திரையும் தெரியுது. சின்னத்தைக் கழற்றலாமோ?

பழந்தாள்:
சின்னத்தைத் தொடாதீங்கோ, அது புத்தகத்தின்ர பிறப்புச்சாட்சி. முத்திரைதான் யோசிக்கவேண்டியது. நூலகம் கழிச்சுவிட்டதெண்டு காட்டும் இரண்டாவது முத்திரை இருக்கோ எண்டு பாருங்கோ. இல்லாட்டில் அந்த நூலகத்துக்கே எழுதிக் கேளுங்கோ. பதில் வரமுந்தி காசு கட்டவேண்டாம்.