காற்று மெத்தை விடிவதற்குள் தொய்ந்துவிடுகிறது: ஓட்டையே தெரியவில்லை, என்ன செய்வது?

கேள்வி:
அம்மாவுக்கு முழங்கால் அறுவை முடிந்திருக்கிறது. ராத்திரியில் எப்போது கூப்பிடுவார் என்று தெரியாததால் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே காற்று மெத்தை போட்டுப் படுக்கிறேன். தம்பி வீட்டில் ஒரு வருஷமாக மடித்துக் கிடந்த மெத்தை. பம்ப் உள்ளேயே இருக்கிறது, மேல்பக்கம் வெல்வெட் மாதிரி. பத்து மணிக்குக் கல் மாதிரி இருப்பது நாலு மணிக்குத் தொட்டில் ஆகிவிடுகிறது. இடுப்பு பள்ளத்தில், தலையும் காலும் மேலே. கையை ஊன்றினால் மெத்தைக்குள்ளேயே போகிறது, சட்டென்று எழ முடிவதில்லை. போதாததற்கு முதுகுக்கு அடியில் சில்லென்று இருக்கிறது. மேல்பக்கம் முழுக்க சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டேன், ஒரு குமிழிகூட வரவில்லை.

பதில் 1:
கொஞ்சம் தொய்வது எல்லாக் காற்று மெத்தைக்கும் உண்டு. மெத்தை செய்திருக்கும் பிவிசி பிளாஸ்டிக் அழுத்தத்தில் நீளும், புது மெத்தையில் முதல் சில நாள் அது நன்றாகவே தெரியும். ராத்திரி குளிர்ந்தாலும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். 30 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு இறங்கினால் 100 லிட்டர் காற்று கிட்டத்தட்ட 97 லிட்டர் ஆகிவிடும். மெத்தை கொஞ்சம் தளர்வதற்கு அதுவே போதும். ஆனால் தொட்டில் ஆகிறது என்றால் அது கசிவுதான்.

பகலில் காற்றடித்து, யாரும் படுக்காமல் எட்டு மணி நேரம் விட்டுப் பாருங்கள். சுவரில் பென்சிலால் உயரத்தைக் குறித்துக்கொண்டால் கண் ஏமாறாது.

வெல்வெட் பக்கம் சோப்புத் தண்ணீரை உறிஞ்சிவிடும், அங்கே குமிழி தேடுவது வீண். திருப்பிப் போட்டு அடிப்பக்கம், ஓர இணைப்பு, பம்ப்பைச் சுற்றி இருக்கும் வளையம், முக்கியமாக மடிப்பு விழுந்த கோடுகள் எல்லாவற்றையும் பாருங்கள். ஒருவர் மேலே சாய்ந்து அழுத்த, இன்னொருவர் தேடணும். அழுத்தம் இல்லாமல் சிறு ஓட்டை வாய் திறக்காது.

பதில் 2:
ஓட்டை தேடுவதற்கு முன்னால் வால்வைக் கழற்றிப் பாருங்கள். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு முடி ஒட்டியிருந்தாலும் காற்று போகும். எங்கள் வீட்டில் இரண்டு நாள் தேடி, கடைசியில் மூடிக்குள் மணல் துகள் கிடந்தது.

கேட்டவர்:
வால்வு சுத்தமாக இருக்கிறது. ஆனால் அடிப்பக்கம், கால்மாட்டில் இரண்டு மடிப்புகள் சேரும் முனையில் கடுகளவு நுரை பொங்கிப் பொங்கி வருகிறது! சைக்கிள் டியூப் பேட்ச் கையில் இருக்கிறது, அதையே ஒட்டலாமா?

பதில் 1:
வேண்டாம். அது ரப்பருக்கானது, பிவிசியில் நிற்காது. காற்றை முழுக்க இறக்குங்கள். ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். பிவிசித் துண்டை வட்டமாக வெட்டுங்கள், மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியும். ஓட்டையைச் சுற்றி இரண்டு விரல் அகலம் இருக்கட்டும். வினைல் பசை தடவி ஒட்டி, கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு நாள் முழுக்க விடுங்கள். அவசரப்பட்டுக் காற்றடித்தால் ஒட்டு ஓரம் தூக்கிவிடும்.

பதில் 3:
குளிருக்குச் சொல்கிறேன். உள்ளே இருக்கும் காற்று அசைந்துகொண்டே உடம்புச் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். மேலே இன்னொரு போர்வை போர்த்திப் பிரயோசனமில்லை. கெட்டியான கம்பளியை மெத்தைக்கு மேலே, உங்கள் முதுகுக்குக் கீழே விரியுங்கள்.

ஒட்டிய பிறகு நடுவில் எங்காவது பந்து மாதிரி உப்பினால், உள்ளே மேலையும் கீழையும் பிடித்திருக்கும் பட்டை விட்டுவிட்டது என்று அர்த்தம். அதை வெளியிலிருந்து சரிசெய்ய முடியாது, மெத்தையை மாற்றவேண்டியதுதான். அதனால் அளவுக்கு மீறிக் காற்றடிக்காதீர்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இதில் தூங்கவே வைக்க வேண்டாம். முகம் புதைந்தால் மூச்சு முட்டும்.

கேட்டவர்:
ஒட்டி மூன்று ராத்திரி ஆயிற்று. பென்சில் கோட்டுக்கு ஒரு விரல்தான் இறங்கியிருக்கிறது. கம்பளி விரித்ததில் முதுகுக் குளிரும் போய்விட்டது. இன்று நாலு மணிக்கு அம்மா தண்ணீர் கேட்டார். கையை ஊன்றினேன், ஒரே மூச்சில் எழுந்துவிட்டேன். ரொம்ப நன்றி.