ஜானகியம்மா பாட்டில் எது முதலாவது? கேசட் கடையில் நான் பார்த்தது

எண்பதுகளின் நடுவில் மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம், தாளில் எழுதித் தரும் பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் ஒரு ரெக்கார்டிங் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். எஸ். ஜானகியின் பாட்டில் எது உசத்தி என்று யாராவது தொடங்கினால் எனக்குச் சிரிப்புதான் வரும். வாயால் சொல்லும் பட்டியல் வேறு, காசு கொடுத்துப் பதியும் பட்டியல் வேறு.

60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி நேரம். ஆறு பாட்டு தாராளமாக ஏறும். ஏழாவது பாதியில் அறுந்து நிற்கும். கடை வாசலில், 'சிங்கார வேலனே தேவா'வுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு பாட்டு உண்டா, 1962-இல் 'கொஞ்சும் சலங்கை' வந்ததிலிருந்து யார் அப்படிப் பாடிவிட்டார்கள் என்று மல்லுக்கட்டுவார்கள். உள்ளே வந்து தாளை நீட்டினால் அதில் அந்தப் பாட்டே இருக்காது. கேட்டால், "நீளமான பாட்டு தம்பி, இடத்தை அடைத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக ராஜா பாட்டு இரண்டு போட்டுவிடு" என்பார்கள்.

தாளில் முதல் வரி அநேகமாக 'மச்சானைப் பாத்தீங்களா'வாக இருக்கும். 'அன்னக்கிளி' வந்தது 1976-இல். பத்து வருடம் கழித்தும் அது கீழே இறங்கவில்லை. அடுத்து 'செந்தூரப்பூவே', 'காற்றில் எந்தன் கீதம்'. சங்கீதம் தெரிந்தவர் என்று காட்டிக்கொள்ள நினைப்பவர்கள் 'நாதம் என் ஜீவனே' எழுதுவார்கள்.

ஒருவரை மட்டும் மறக்கவே முடியாது. மில்லில் இரவுக் காவல் வேலை. 'ஊரு சனம் தூங்கிருச்சு' ஒன்றை மட்டும் இரண்டு பக்கமும் நிறையப் பதிந்து தரச் சொன்னார். வேறு பாட்டும் போடலாமே என்றேன். "ஊரெல்லாம் தூங்கும்போது விழித்திருப்பவன் நான்தானே தம்பி. ஒவ்வொரு தடவையும் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தால் பேட்டரி தாங்குமா?" என்றார். எங்களிடம் பாட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிந்தால் ஒன்றுக்கு வாங்குவதா, பன்னிரண்டுக்கு வாங்குவதா? முதலாளி அரை நாள் யோசித்து நாலு பாட்டுக்கு மட்டும் வாங்கினார்.

*

நான் மேலூர்ப் பக்கம். நாதஸ்வரக் குடும்பம். அண்ணே, உங்கள் கேசட்டில் 'சிங்கார வேலனே'வுக்கு இடமில்லாமல் போயிருக்கலாம். கல்யாண வீட்டில் தப்பவே முடியாது. தாலி கட்டி, பந்தி ஓடும் நேரத்தில் யாராவது ஒருவர் சீட்டு எழுதி அனுப்பிவிடுவார்.

ராகம் ஆபேரி. இசையமைத்தவர் எஸ்.எம். சுப்பையா நாயுடு, நாதஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம். அவர் வாசித்ததையே எட்ட முடியாது, அது வேறு கதை. ஆனால் எங்களைப் படுத்துவது ஜானகியம்மா பாடிய பகுதிதான். படத்தில் குரல் நாதஸ்வரத்தைத் துரத்துகிறது. மண்டபத்தில் பாடகி கிடையாதே, இரண்டையும் நாங்களே வாசிக்க வேண்டும். மூச்சு எடுக்க இடம் எங்கே? என் சித்தப்பா ஒருமுறை ஸ்வரப் பகுதியில் திணறிப்போய், வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றுவதுபோல் நடித்துத் தவில்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவர் புரிந்துகொண்டு தனி ஆவர்த்தனமே வாசித்துவிட்டார். கூட்டம் அதற்கும் கைதட்டியது.

*

உசிலம்பட்டிப் பக்கம் வாக்கப்பட்டவள் நான். எனக்கு 'இஞ்சி இடுப்பழகா'தான். 1992-இல் வந்த 'தேவர் மகன்'. ஜானகியம்மா வாங்கிய நான்கு தேசிய விருதுகளில் தமிழ்ப் பாட்டுக்குக் கிடைத்தவை இரண்டு: ஒன்று 'செந்தூரப்பூவே', மற்றது இது. வாத்தியம் எதுவும் இல்லாமல், புதுப்பெண்ணின் வெட்கத்தோடு அவர் தொடங்குவதை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல்!

அதற்கு அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு பாடச் சொன்னார்கள். இதைத்தான் பாடினேன், இரண்டாவது வரியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. அடுக்களையிலிருந்து மாமியார் மிச்சத்தை எடுத்துப் பாடினார், ஒரு சொல் பிசகாமல். அவர் சினிமாப் பாட்டுப் பாடுவார் என்பது மாமனாருக்கே அன்றுதான் தெரியும்.

*

மேலூர்த் தம்பிக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். எனக்கென்று நான் பதிந்துகொண்டது 90 நிமிடக் கேசட். பக்கத்துக்கு முக்கால் மணி நேரம், இடத்துக்குப் பஞ்சமில்லை. முதல் பாட்டு, சிரிக்காதீர்கள், 'சிங்கார வேலனே'தான். 90 நிமிடக் கேசட்டில் நாடா மெல்லிசாக இருக்கும். முதல் வருடமே சிக்கிக்கொண்டது. பென்சிலைச் செருகிச் சுற்றி எடுத்தேன். நாடா கசங்கிய இடத்தில் நாதஸ்வரம் ஒரு நொடி அமுங்கி எழும். இப்போது செல்போனில் அந்தப் பாட்டைச் சுத்தமாகக் கேட்கிறேன். அந்த இடம் வரும்போது, அமுங்காமல் போகிறதே என்று இருக்கிறது.