மணி ஐயர் கச்சேரிக்கு எந்த ஹெட்போன்: சென்ஹைசர் எச்டி 600-ஆ, சோனி 7506-ஆ?

மாசிவீதிக்காரன்:
வீட்டில் ஆறு ஹெட்போன் கிடக்கின்றன. கை போவது என்னவோ இரண்டுக்குத்தான். நேற்று ராத்திரி மதுரை மணி ஐயரின் பழைய மோனோ கச்சேரிப் பதிவை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டேன். சந்தேகமே இல்லை, 7506தான். மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் விழுகிற இடம்கூடத் தெரிகிறது. 600-இல் பாட்டுக்குப் போர்வை போர்த்திய மாதிரி இருக்கிறது. இதற்கா அவ்வளவு காசு?

வைகை வடகரை:
அண்ணே, எதில் சொருகிக் கேட்டீர்கள்?

மாசிவீதிக்காரன்:
போனில்தான். வேறு எதில்?

வைகை வடகரை:
அங்கேதான் கோளாறு. 7506-இன் மின்தடை 63 ஓம், 600-இன் மின்தடை 300 ஓம். 600-க்குப் போனின் வலு போதாது. ஒரே வால்யூமில் வைத்தால் போனில் முதலாவது முழங்கும், இரண்டாவது முனகும். சத்தம் கூடினாலே காதுக்கு எல்லாம் தெளிவாகத் தோன்றும். அப்புறம், 7506 1991-இல் ஸ்டூடியோ வேலைக்கென்று வந்த சாமான். பிசிறைக் காட்டிக்கொடுப்பதுதான் அதன் தொழில், அதனால் ட்ரெபிள், அதாவது கீச்சென்ற மேல் ஒலி, தூக்கல். டேப்பின் 'உஸ்' சத்தமும் கூடவே வரும். மிருதங்கமும் உஸ்ஸும் சரிக்குச் சரி நின்றால் அது கச்சேரியா?

மாசிவீதிக்காரன்:
தம்பி, கரகர வானொலியில் கேட்டு வளர்ந்த காது இது. உஸ் இருந்துவிட்டுப் போகட்டும். 600 திறந்த வகை. ஆட்டோ ஹார்ன் உள்ளே வருகிறது, ஐயரின் ஸ்வரம் வெளியே போகிறது. பக்கத்தில் படுத்திருப்பவள், "அவரைத் தூங்கச் சொல்லுங்கள்" என்கிறாள்.

வைகை வடகரை:
கத்திரி வெயிலில் அந்த மூடின வகையை ஒரு மணி நேரம் மாட்டிப் பாருங்கள். காதைப் பிழிந்தால் தண்ணீர் வரும்.

திருநகர் டீச்சர்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். முதலில் சத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். அட்டையில் சின்ன ஓட்டை போட்டு, பின்னால் போன் மைக்கை வைத்து, முன்னால் ஹெட்போனை அழுத்திப் பிடியுங்கள். ஒரே சீரான இரைச்சலை ஓடவிட்டு, டெசிபல் காட்டும் செயலியில் இரண்டுக்கும் ஒரே எண் வரும்வரை திருகுங்கள். துல்லியம் கிடைக்காது, ஆனால் சண்டைக்குப் போதும். 600-க்கு ஒரு ஆம்ப், அதாவது ஹெட்போனுக்கு வலுக் கூட்டும் பெட்டி, இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்பதெல்லாம் வீண். தலையை அழுத்துகிற விதத்திலேயே எது என்று தெரிந்துவிடும்.

மாசிவீதிக்காரன்:
மச்சினனிடம் ஆம்ப் வாங்கி டீச்சர் சொன்னபடி செய்தேன். போர்வை போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். தாளத்தோடு நேராக ஓடுகிற சர்வலகு ஸ்வரம் பாடும்போது 600-இல் குரல் எதிரே உட்கார்ந்து பாடுகிறது. 7506-இல் அதே குரல் மூக்கால் வருகிறது. ஆனால் இதெல்லாம் விசிறியை நிறுத்தினால்தான். போட்டதும் தம்புரா போன இடம் தெரியவில்லை.

வைகை வடகரை:
ஒன்றில் வையுங்கள் அண்ணே.

மாசிவீதிக்காரன்:
மதுரையில், மே மாதத்தில், விசிறியை ஒன்றில் வைக்கச் சொல்கிறாயே, நீ வடகரைதானா, கொடைக்கானலா?

வைகை வடகரை:
அப்படியானால் 600-ஐ மார்கழிவரை எனக்குக் கொடுங்கள்.